தையில் ஒரு தண்ணீர், புரட்டாசியில் ஒரு தண்ணீர்: நெல்லை நாட்டு நிலத்தடி நீர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிணற்று நீரைச் சோதித்துத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இது நல்ல தண்ணீரா, கெட்ட தண்ணீரா?" என்று கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகத் திருப்பிக் கேட்கும் கேள்வி, "எந்த மாதம் எடுத்த தண்ணீர்?" என்பதுதான். பலர் அதை நினைவில் வைத்திருப்பதில்லை. அந்த ஒரு விவரம் இல்லாமல் சோதனைத் தாளில் உள்ள எண்களுக்கு முழுப் பொருள் கிடைப்பதில்லை. ஏன் கிடைப்பதில்லை என்பதைத் திருநெல்வேலிச் சீமையின் மண்ணையும் மழையையும் வைத்துக் கீழே விளக்கியிருக்கிறேன்.

வற்றாத தாமிரபரணி ஓடும் ஊரை வறட்சிப் பகுதி என்று சொல்வது சரியா?

ஆற்றுக்கும் அதன் கால்வாய்களுக்கும் அருகில் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது, மற்றவர்களுக்குப் பொருந்தும். பொதிகை மலை தென்மேற்குப் பருவமழையைத் தன் மேல் வாங்கிக்கொள்கிறது. குற்றாலத்தில் சாரல் விழும் அதே ஆனி, ஆடி மாதங்களில் மானூரிலும் நாங்குநேரியிலும் இராதாபுரத்திலும் மழை இல்லாத வறண்ட காற்றுதான் வீசுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று பணகுடிப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுவதோடு, மண்ணின் ஈரத்தையும் சேர்த்தே கொண்டுபோய்விடுகிறது. சமவெளிக்கு உண்மையான மழைக்காலம் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழைதான்.

ஆகவே இந்த நாட்டில் இரண்டு வகைக் கிணறுகள் உள்ளன என்று கொள்வது வசதி. கன்னடியன் கால்வாய் போன்ற கால்வாய்களின் பாசனத்தில் உள்ள கிணறு, கார் எனும் முதல் நெற்பருவச் சாகுபடிக்கு அணை திறக்கும்போது ஒரு முறையும், பிசானம் எனும் இரண்டாம் நெற்பருவத்தில் மழையும் கால்வாய் நீரும் சேரும்போது இன்னொரு முறையுமாக ஆண்டுக்கு இருமுறை புது நீர் பெறுகிறது. மானாவாரி நிலத்துக் கிணற்றுக்கு ஒரே ஒரு வாய்ப்புதான். ஐப்பசி பொய்த்தால் அடுத்த ஐப்பசி வரை பழைய நீரையே அது சுமக்க வேண்டும். அடுத்து வரும் விடைகள் எல்லாவற்றிலும் இந்த வேறுபாடு திரும்பத் திரும்ப வரும்.

ஒரே கிணற்று நீர் காலத்துக்கு ஏற்ப மாறுவது எப்படி?

மழைநீரில் உப்பு மிகக் குறைவு. அது மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் வெளியிடும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அந்த அமிலம் நம் பகுதியின் நைஸ், சார்னோக்கைட் பாறைகளையும், தாழையூத்துப் பக்கம் உள்ள சுண்ணாம்புக்கல்லையும் மெல்ல அரித்து, கால்சியம், மக்னீசியம், சோடியம், பைகார்பனேட்டு ஆகியவற்றை நீரில் சேர்க்கிறது. புதிதாக இறங்கிய நீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் மேலோங்கி நிற்பதற்குக் காரணம் இதுவே. மார்கழியிலும் தையிலும் தண்ணீர் இனிப்பாக இருப்பதாக நம் நாக்கு சொல்வது பெரும்பாலும் இந்த வகை நீரைத்தான்.

மாசிக்குப் பிறகு வெயில் ஏறுகிறது, நீர்மட்டம் இறங்குகிறது. ஆழமில்லாத இடங்களில் மண்ணின் நுண்துளைகள் வழியாக நீர் மேலேறி ஆவியாகிறது. கிணற்றிலிருந்து இறைத்துப் பாய்ச்சிய நீரிலும் ஒரு பகுதி ஆவியாகி, எஞ்சியது கூடுதல் உப்போடு மறுபடியும் கீழே இறங்குகிறது. நீர் போகிறது, உப்பு தங்குகிறது. ஆனால் எல்லா உப்பும் ஒரே அளவில் தங்குவதில்லை. நீர் செறியச் செறிய முதலில் படிவது கால்சியம் கார்பனேட்டு. நம் ஊர் நிலங்களில் மண்வெட்டிக்குத் தட்டுப்படும் சுக்கான் கல் அப்படிப் படிந்ததுதான். கால்சியம் வெளியேறியபின் நீரில் மீதமிருப்பவை சோடியமும் குளோரைடும். எனவே தையில் கால்சியம்-பைகார்பனேட்டு வகையாக இருந்த கிணறு ஆவணி, புரட்டாசியில் சோடியம்-குளோரைடு வகையை நோக்கி நகர்ந்திருக்கும். உப்பின் அளவோடு அதன் சேர்மானமும் மாறுகிறது. சோதனைத் தாளில் மொத்த உப்பை மட்டும் பார்ப்பவருக்கு இந்த இரண்டாவது மாற்றம் தெரியாமலே போய்விடும்.

அப்படியானால் மழை பெய்ததும் உப்புக் குறைய வேண்டுமே? முதல் மழைக்குப் பிறகு எங்கள் கிணறு முன்பைவிடக் கரித்தது.

உங்கள் நாக்கு பொய் சொல்லவில்லை. கோடை முழுவதும் ஆவியான நீர் விட்டுச்சென்ற உப்பு, நீர்மட்டத்துக்கு மேலுள்ள மண் அடுக்கில் தங்கியிருக்கிறது. சில இடங்களில் அது தரைமேலேயே வெள்ளையாகப் பூத்து நிற்கும். முற்காலத்தில் துணி வெளுக்க உவர்மண் அள்ளியது இத்தகைய இடங்களில்தான். ஐப்பசியின் முதல் நல்ல மழை இந்த உப்பைக் கரைத்துக் கீழே தள்ளுகிறது. அடியிலிருந்து உயரும் நீர்மட்டமும், அதுவரை காய்ந்து கிடந்த அடுக்கைத் தொட்டு அங்குள்ள உப்பைக் கரைக்கிறது. கிணற்றுக்கு முதலில் வந்து சேருவது மண்ணைக் கழுவிய நீர். தெளிந்த மழைநீர் அதன் பின்னால்தான் வரும். மழை தொடர்ந்தால் கார்த்திகை கடைசிக்குள் உப்பு இறங்கத் தொடங்கும். ஒரு மழையோடு வானம் நின்றுவிட்டாலோ, கழுவப்பட்ட உப்பு கிணற்றில் சேர்ந்ததோடு சரி, நீர்த்துப்போக வழியில்லை.

அரைகுறை மழை பெய்த ஆண்டில், நீர்மட்டம் சற்று உயர்ந்திருந்தும் நீரின் தரம் முந்தைய ஆண்டைவிடக் கெட்டுப்போயிருப்பதைக் கண்டு பலர் குழம்புவது இதனால்தான். நீரின் அளவும் தரமும் ஒன்றாகவே ஏறி இறங்கும் என்ற நம்பிக்கையை இந்த மண்ணில் கைவிடுவது நல்லது.

கரிசல் நிலத்துக் கிணறும் செவல் நிலத்துக் கிணறும் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன?

செவல் மண்ணில் நீர் விரைவாக இறங்குகிறது. உப்பும் விரைவாகக் கழுவப்படுகிறது. கரிசலில் களிமண் மிகுதி. ஈரம் பட்டதும் அது உப்பி வெடிப்புகளை மூடிக்கொள்வதால், மழையில் பெரும்பகுதி கீழே இறங்காமல் ஓடிவிடுகிறது அல்லது தேங்கி ஆவியாகிறது. மேலும் களிமண் துகள்கள் தம்மிடம் உள்ள சோடியத்தைக் கொடுத்துவிட்டு நீரிலிருக்கும் கால்சியத்தை வாங்கிக்கொள்ளும் இயல்புடையவை. அதனால் கரிசல் பகுதிக் கிணறு சிலவற்றில் உப்பு மிகுந்தும், கால்சியமும் மக்னீசியமும் தரும் கடினத்தன்மை குறைந்தும் இருக்கும். சோப்பு நுரைக்கும், ஆனால் குடித்தால் கரிக்கும்.

துவரம்பருப்பு வேகவே இல்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பயன்படுத்தினால் போதுமா?

பருப்பின் செல் சுவரில் உள்ள பெக்டின் என்ற பொருளோடு கால்சியமும் மக்னீசியமும் இணைந்து அதை இறுக்கிவிடுகின்றன. அதனால்தான் எத்தனை விசில் விட்டாலும் பருப்பு மலராமல் கிடக்கிறது. பைகார்பனேட்டோடு சேர்ந்த கடினத்தன்மை கொதிக்கவைத்தால் படிந்துவிடும். பாத்திரத்தின் அடியில் ஒட்டும் வெள்ளைப் பொருக்கு அதுவே. குளோரைடு, சல்பேட்டு ஆகியவற்றோடு சேர்ந்தது கொதிப்பதால் போகாது. தை மாதத்தில் கொதிக்கவைத்ததும் மென்மையாகிவிட்ட அதே கிணற்று நீர், புரட்டாசியில் எவ்வளவு கொதித்தாலும் மாறாததற்கு மேலே சொன்ன சேர்மான மாற்றமே காரணம். இந்தியத் தர நிர்ணயப்படி மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை விரும்பத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம். ஆற்றுத் தண்ணீர் ஒரு குடம் சமையலுக்கென்று தனியாக எடுத்துவைக்கும் நம் வீட்டுப் பெண்களின் வழக்கத்தில் வேதியியல் நிறையவே இருக்கிறது.

ஃபுளோரைடு பற்றிக் கேள்விப்படுகிறோம். அது எந்தக் காலத்தில் கூடுகிறது?

பயோடைட், அபடைட், ஃபுளோரைட் முதலிய தாதுக்கள் உள்ள கடினப் பாறையோடு நீர் நெடுங்காலம் உறவாடும்போது ஃபுளோரைடு கரைகிறது. நீரில் கால்சியம் தாராளமாக இருந்தால் அது ஃபுளோரைடோடு சேர்ந்து கரையாத பொருளாகி, அதன் அளவை ஓரளவு அடக்கி வைக்கும். வறண்ட மாதங்களில் கால்சியம் சுக்கானாகப் படிந்து வெளியேறியபின், அந்தக் கடிவாளம் தளர்கிறது. காரத்தன்மையும் பைகார்பனேட்டும் சோடியமும் மிகுந்த நீரில் ஃபுளோரைடு ஏறுவதைக் கண்டால் வியப்படைய வேண்டியதில்லை. ஆகவே, "கடினத்தன்மை குறைந்திருக்கிறது, தண்ணீர் திருந்திவிட்டது" என்று மகிழ்வதற்கு முன் ஃபுளோரைடு எண்ணையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விரும்பத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். உச்ச வரம்பு 1.5. அதற்கு மேல் உள்ள நீரைப் பல் உருவாகும் வயதில் தொடர்ந்து குடிக்கும் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை விழும். இன்னும் மிகுந்த அளவில் பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். கொதிக்கவைப்பது இதற்குத் தீர்வாகாது. நீர் ஆவியாவதால் ஃபுளோரைடு சற்றுச் செறியவே செய்யும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துப் படியவைக்கும் நல்கொண்டா முறை, செயலூட்டிய அலுமினா வடிகட்டி, எதிர்ச் சவ்வூடு பரவல் எனப்படும் ஆர்.ஓ. ஆகியவையே பயன் தருபவை.

திறந்த கிணற்றில் உப்பாகிவிட்டது. ஆழமாகப் போர் போட்டால் நல்ல தண்ணீர் கிடைக்குமா?

கிடைக்கலாம், ஆனால் அதை உறுதியாக எதிர்பார்க்கக் கூடாது. திறந்த கிணறு பாறையின் சிதைந்த மேலடுக்கிலிருந்து நீர் பெறுகிறது; போர் அடியில் உள்ள வெடிப்புகளிலிருந்து பெறுகிறது. வெடிப்பில் உள்ள நீர் பழையது, பாறையோடு நெடுநாள் தங்கியது. பருவத்துக்குப் பருவம் அது அதிகம் மாறாது என்பது ஒரு நன்மை. ஃபுளோரைடு மிகுந்திருக்க வாய்ப்புண்டு என்பது ஒரு தீமை. மேலடுக்கின் உப்பு நீர் போருக்குள் இறங்காதபடி உறைக்குழாய் சரியாக இறக்கப்பட்டிருக்கிறதா என்பதும் முக்கியம். இல்லையென்றால் நீங்கள் பல நூறு அடிக்குப் பணம் கொடுத்துக் குடிப்பது மேலடுக்குத் தண்ணீரைத்தான்.

நைட்ரேட்டு எங்கிருந்து வருகிறது?

பாறையிலிருந்து வருவது மிகக் குறைவு. உரம், மாட்டுத்தொழுவம், அடியில் பூசப்படாத கழிவுநீர்க் குழி ஆகியவைதான் மூலங்கள். பிசானப் பயிருக்கும் தோட்டப் பயிருக்கும் யூரியா இடும் காலமும் பெருமழைக் காலமும் ஒன்றாக அமைவதால், மற்ற உப்புகள் இறங்கும் கார்த்திகை, மார்கழியில் நைட்ரேட்டு மட்டும் ஏறுவது உண்டு. நீர் தேங்கி நிற்கும் வயலில், காற்றில்லாச் சேற்று நுண்ணுயிர்கள் நைட்ரேட்டின் ஒரு பகுதியை வாயுவாக மாற்றிவிடுகின்றன. வாழைத் தோட்டத்திலும் காய்கறித் தோட்டத்திலும் அந்தப் பாதுகாப்பு இல்லை. நான் பார்த்த வரையில் பாசனக் கிணறுகளைவிட, நெருக்கமான தெருவின் நடுவே, நாலு பக்கமும் கழிவுக் குழிகள் சூழ்ந்த வீட்டுக் கிணறுகளைப் பற்றியே கூடுதலாகக் கவலைப்பட வேண்டும்.

வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். இதற்குத் தளர்வே இல்லை. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் புட்டிப்பால் கரைக்க அதற்கு மேற்பட்ட நீரைப் பயன்படுத்தினால், இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து குழந்தை நீலம் பாரிக்கக்கூடும். இதற்கும் கொதிக்கவைப்பது உதவாது.

மூலத்தைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. குளோரைடு பாறையோடும் மண்ணோடும் எளிதில் வினைபுரியாது. ஆவியாதலால் நீர் செறிந்தால் அதுவும் அதே விகிதத்தில் செறியும். இரண்டு பருவச் சோதனைகளில் குளோரைடு இரண்டு மடங்காகி, நைட்ரேட்டும் இரண்டு மடங்காகியிருந்தால் வெயிலே காரணம். குளோரைடு அப்படியே இருக்க நைட்ரேட்டு மட்டும் ஏறியிருந்தால், புதிதாக ஏதோ உள்ளே வந்திருக்கிறது என்று பொருள்.

உவரி, இடிந்தகரைப் பக்கம் நீர் கரிப்பது கடல்நீர் புகுவதாலா?

எல்லா உப்பும் கடலிலிருந்து வருவதில்லை. உள்நாட்டு உவர்ப்பும் இருக்கலாம். தேரி எனப்படும் செம்மணல் மேட்டு மணலும் கடற்கரை மணலும் மழையை விரைவாக உறிஞ்சிக்கொள்வதால், அடியில் உள்ள கனமான உப்பு நீரின்மேல் நன்னீர் ஓர் அடுக்காக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை உப்பு நீரை அது அழுத்தி வைத்திருக்கும் என்பது கைபன்-ஹெர்ஸ்பெர்க் விதி. வெயில் மாதங்களில் மோட்டார் வைத்து அந்த நன்னீரில் அரை மீட்டர் இறக்கிவிட்டால், அடியில் உப்பு நீர் எவ்வளவு மேலேறும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைடு உள்ளது. நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே 380 மில்லிகிராம் கூடி, விரும்பத்தக்க அளவான 250ஐத் தாண்டிவிடும்.

கடல்நீர் புகும்போது களிமண்ணின் பண்டமாற்று தலைகீழாகிறது: சோடியம் மண்ணில் ஒட்டிக்கொள்ள, கால்சியம் நீருக்கு வருகிறது. குளோரைடோடு கடினத்தன்மையும் திடீரென ஏறினால் அது கவனிக்க வேண்டிய அறிகுறி. இவ்வாறு கெட்ட கிணறு ஒரு மழையில் திருந்திவிடாது. சில நல்ல மழைக்காலங்கள் தேவைப்படும்.

அயன்குளம் கிணறு போல வெள்ளநீரை நேராகக் கிணற்றுக்குள் விடலாமா?

திசையன்விளை அருகே உள்ள அயன்குளத்துக் கிணறு, 2021 இறுதியில் பெய்த மழையில் வெள்ளநீர் பல நாட்கள் பாய்ந்தும் நிரம்பாததால் பெயர் பெற்றது. சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து வந்து ஆராய்ந்த குழுவினர், அடியில் உள்ள சுண்ணாம்புப் பாறையில் நீர் அரித்து உண்டாக்கிய வழிகளே அதற்குக் காரணம் என்று விளக்கினர். அந்தப் பாறை எல்லா ஊரிலும் இல்லை. அதோடு, மண் வழியாக இறங்கும் நீர் வடிகட்டப்படுகிறது. குகை வழியாகவோ கிணற்று வாய் வழியாகவோ செல்லும் நீர் வடிகட்டப்படுவதில்லை. வண்டல் தொட்டியும் மணல் வடிகட்டியும் அமைத்து, முதல் வெள்ளத்தை வெளியே விட்டு, மறுகாலில் வழியும் தெளிந்த குளத்து நீரை விடுவது ஏற்கத்தக்கது. சாக்கடை கலந்த தெருவெள்ளத்தை விடுவது, ஊர் முழுவதற்குமான குடிநீரில் அதைக் கலப்பதற்குச் சமம்.

2023 டிசம்பர் வெள்ளம் போல ஒன்று வந்தால் கிணற்றை என்ன செய்வது?

அந்த மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையோரக் கிணறுகள் பல மூழ்கின. அப்படி மூழ்கிய கிணற்றில் உப்பு குறைந்திருக்கலாம், கிருமி கூடியிருக்கும். நீரை இறைத்துக் கழித்து, ஊறிய பின் குளோரின் இட வேண்டும். சாதாரணக் காலத்தில் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது வழக்கமான அளவு. வெள்ளம் புகுந்த கிணற்றுக்குக் கூடுதலாகத் தேவைப்படும், அதைச் சுகாதார ஆய்வாளரிடம் கேட்டு இடுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். கிருமிக்கு மட்டும் கொதிக்கவைப்பது முழுப் பயன் தரும்.

டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் போதாதா?

வாங்குங்கள், நல்ல பொருள்தான். மாதம் ஒருமுறை அளந்து நாட்காட்டியில் குறித்துவந்தால், உங்கள் கிணற்றின் நடத்தை ஓராண்டில் உங்களுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அது அளப்பது மின்கடத்துதிறனை மட்டுமே; அதிலிருந்து நீரில் கரைந்துள்ள மொத்த உப்பை (டி.டி.எஸ்.) கணித்துக் காட்டுகிறது. ஃபுளோரைடையோ நைட்ரேட்டையோ கிருமியையோ அது காட்டாது. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே எண் விழுந்தும் குடிக்கத் தகாத நீர் இருக்க முடியும்.

பாசனத்துக்கு எந்த எண்களைப் பார்க்க வேண்டும்?

மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 750 மைக்ரோசீமென்ஸ் வரை பெரும்பாலான பயிர்களுக்குத் தொல்லையில்லை. 2,250ஐத் தாண்டினால் வாழை தாங்காது, தென்னை ஓரளவு தாங்கும். எஞ்சிய சோடியம் கார்பனேட்டு, அதாவது கால்சியம், மக்னீசியத்தை மிஞ்சி நிற்கும் கார்பனேட்டு, பைகார்பனேட்டின் அளவு, லிட்டருக்கு 1.25 மில்லிஈக்விவலன்டுக்குள் இருந்தால் நல்லது, 2.5க்கு மேல் ஆகாது. இந்த எண் ஏறிய நீரை ஆடி, ஆவணியில் தொடர்ந்து பாய்ச்சினால் களிமண் இறுகி, ஐப்பசி மழையே உள்ளே இறங்காத நிலை வரும். ஜிப்சம் இடுவது இதற்குத்தான்.

மாதிரியை எப்போது, எப்படி எடுப்பது?

நாடு முழுவதற்குமான வழக்கப்படி மே மாதத்தை மழைக்கு முந்தைய காலம் என்று கொண்டு மாதிரி எடுக்கிறார்கள். தென்மேற்குப் பருவமழையை நம்பிய மாநிலங்களுக்கு அது சரி. நம் சமவெளியில் வைகாசிக்குப் பிறகும் நான்கு மாதம் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது. உண்மையான அடிமட்டம் புரட்டாசியில்தான். எனவே வீட்டுக்காரரும் விவசாயியும் புரட்டாசி நடுவில் ஒன்று, முதல் மழைகளின் கழுவுநீர் வந்துசேரும் கார்த்திகைத் தொடக்கத்தில் ஒன்று, தை கடைசியில் ஒன்று என மூன்று மாதிரிகள் எடுப்பதே இந்த மண்ணுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. ஒன்றுக்கு மட்டுமே வசதி உண்டென்றால் புரட்டாசியைத் தேர்ந்தெடுங்கள். கைக்குழந்தை உள்ள வீடென்றால் கார்த்திகையில் நைட்ரேட்டை மட்டுமாவது சோதித்துக்கொள்ளுங்கள்.

மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, குழாயில் தங்கிய பழைய நீர் போனபின் பிடிக்க வேண்டும். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசி, காற்றிடம் இல்லாமல் நிரப்பி மூடுங்கள். கிருமிச் சோதனைக்கு அலசக் கூடாது. ஆய்வகம் தரும் நுண்ணுயிர் நீக்கிய பாட்டிலிலேயே பிடிக்க வேண்டும். நிழலில், குளிர்ச்சியாக வைத்து அன்றோ மறுநாளோ ஆய்வகத்தில் கொடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் இந்தச் சோதனைகள் செய்யப்படுகின்றன. பாட்டிலின்மேல் தேதி, கிணறா போரா என்பது, ஆழம், கடைசியாக மழை பெய்த நாள் ஆகிய நான்கையும் எழுதி ஒட்டுங்கள்.